ஞாயிற்றுக்கிழமைப் புள்ளியியல் வகுப்பு: முக்கால் பங்கு தேறியது

வேலைக்குப் போகிறவர்களுக்கான தரவுப் பகுப்பாய்வு வகுப்பு என்று விளம்பரம் செய்பவர்களில் பலர், மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கோவை காந்திபுரம் பக்கம் நான் போய்வந்த வகுப்பு அப்படி இல்லை. கட்டிய பணத்துக்கு முக்கால் பங்கு தேறியது. மீதிக் கால் பங்கைப் பற்றிக் கடுமையாக எழுதப் போவதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். வேறெங்கே சேர்வதாக இருந்தாலும் என்ன கேட்டுவிட்டுச் சேர வேண்டும் என்பதற்கு இது உதவும்.

நான் நூற்பாலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். ஈரப்பதம், நூல் அறுந்த கணக்கு, பஞ்சு லாட், ஷிப்ட் என்று தினமும் தாள் தாளாக எண்கள் மேசைக்கு வரும்.

முதல் பாடம், புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுப்புகள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலுமே எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண், 1 என்றால் முழு ஒட்டு) 0.816. கணினியைத் தொடவிடாமல் எல்லோர் கையிலும் வரைபடத்தாளும் பென்சிலும் கொடுத்துவிட்டார் ஆசிரியை. வரைந்து பார்த்தால் முதலாவது மட்டுமே நாம் எதிர்பார்க்கும் சிதறல். இரண்டாவது வளைகோடு. மூன்றாவதில் நேர்கோட்டை விட்டு ஒரு புள்ளி துள்ளி நிற்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக அடுக்கி நிற்க, தள்ளி நிற்கும் ஒற்றைப் புள்ளிதான் அந்த 0.816ஐயே உண்டாக்குகிறது. என் பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரி நம்பாமல் அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். இதைத் திரையில் ஓட்டிக் காட்டியிருந்தால் கொட்டாவியோடு கடந்திருப்போம்.

அடுத்து பிரிட்டிஷ் புள்ளியியலாளர் யூல் 1926இல் எழுதியது. 1866 முதல் 1911 வரை இங்கிலாந்து, வேல்ஸில் திருச்சபை முறைப்படி நடந்த திருமணங்களின் விகிதமும் மரண விகிதமும் சேர்ந்து இறங்கின, கெழு 0.95. காலப்போக்கில் ஒரே திசையில் நகரும் எந்த இரண்டும் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு ஆண்டு ஏற்பட்ட மாற்றத்தை எடுத்து மறுபடி கணக்கிடுங்கள் என்றார் ஆசிரியை. எங்கள் மாதாந்தர அறிக்கையில் பாதி வரைபடங்களுக்கு இது பொருந்தும். சாக்லேட் அதிகம் தின்னும் நாடுகள் நோபல் பரிசும் அதிகம் வாங்கும் என்ற கதை சிரிப்புக்காக வந்து போனது.

எனக்கு மிகவும் பயன்பட்டது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கணக்கு. 1973இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மேற்படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 சதவீதம். துறைவாரியாகப் பிரித்ததும் பெண்களுக்கு எதிரான அந்தச் சாய்வு மறைந்துவிட்டது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். இதே போல் ஒன்றை உங்கள் வேலையில் தேடிக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம்.

எங்கள் ஆலையில் புது ரிங் ஃப்ரேம்களில்தான் (நூல் நூற்கும் எந்திரங்கள்) நூல் அதிகம் அறுகிறது என்று நெடுநாள் பேச்சு. மொத்தக் கணக்கும் அதையே சொல்லும். ஆனால் 60, 80 கவுண்ட் (கவுண்ட் எண் கூடினால் நூல் மெல்லியது) மெல்லிய நூல் பெரும்பாலும் புது எந்திரங்களுக்குப் போகிறது. 20, 30 கவுண்ட் தடித்த நூல் பழையவற்றில் ஓடுகிறது. மெல்லிய நூல் எளிதில் அறும். இரண்டிலும் ஓடிய கவுண்டுகளை மட்டும் எடுத்து, கவுண்ட் வாரியாகப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் புது எந்திரத்தில்தான் அறுதல் குறைவு. பழியைச் சுமந்துகொண்டிருந்த ஃபிட்டரிடம் காட்டினேன். “நான்தான் முதலிலேயே சொன்னேனே, சார்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இனிக் குறைகள். ஈரப்பதம், ஷிப்ட் போன்ற 20 மாறிகளை எடுத்துக்கொண்டால் 190 ஜோடிகள். எதற்கும் எதோடும் தொடர்பே இல்லாவிட்டாலும், ஐந்து சதவீத அளவுகோலில் (தற்செயலாக நேர நூற்றில் ஐந்துக்கும் குறைவான வாய்ப்பே உள்ளதை ஏற்பது) ஒன்பது பத்து ஜோடிகள் ‘முக்கியமானவை’ என்று தலைகாட்டும். அலுவலகங்களில் அன்றாடம் நடக்கும் தப்பு இது. இதற்குக் கிடைத்தது உணவு இடைவேளைக்கு முந்தைய பத்து நிமிடம்.

அதைவிடப் பெரிய குறை வேறு. ‘ஒட்டுறவு காரணம் ஆகாது’ என்பதை மந்திரம் போல ஓத வைத்து அனுப்பிவிடுகிறார்கள். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் 1950இல் காட்டியபோது நடந்தது என்ன? புள்ளியியலின் பெருந்தலை ஃபிஷர், புகைக்கும் நாட்டத்தையும் நோயையும் ஒரே மரபணு உண்டாக்கலாமே என்று அந்தப் பத்தாண்டின் இறுதியில்கூட வாதாடினார். புகையிலை நிறுவனங்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார். மந்திரம் மட்டும் தெரிந்த ஆள் அவர் பக்கம்தான் சாய்வார். எப்போது காரணம் என்று ஏற்கலாம் என்பதற்கு ஹில் 1965இல் ஒன்பது கோணங்களை எடுத்துச் சொன்னார். அதில் ஒன்றுகூட வகுப்பில் வரவில்லை. எந்த நாளில் ஈரப்பதத்தைக் கூட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவுசெய்து, நூல் அறுவதை ஒப்பிடும் எளிய சோதனையும் வரவில்லை. அப்படிச் சீட்டுக் குலுக்கும் முறையை விவசாயச் சோதனைகளில் நிலைநாட்டியவரே அந்த ஃபிஷர்தான். திங்கட்கிழமை காலையில் முடிவெடுக்க வேண்டியவனுக்குச் சந்தேகம் மட்டும் போதாது.

மற்றபடி நாற்காலிகள் சுமார், சாப்பாடு நன்று, சான்றிதழால் ஒரு பயனும் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு மறக்காமல் இருந்தால் சமாளிக்கலாம். இது போன்ற வகுப்பில் சேருமுன் சோதனை வடிவமைப்பு பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே அடுத்த முறை அதற்கென்று ஒரு ஞாயிறு ஒதுக்குவதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனியாகக் கட்டணம் வாங்கிக்கொள்வதாக இருந்தால் நான் போவேன்.