விண்டோஸின் கிரேக்க கீபோர்டு: அழுத்தக்குறி போட இதுவே போதும்

கிரீஸின் துறைமுக நகரமான பிரேயஸில் ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலை, தினமும் கிரேக்கத்தில்தான் மெயில் எழுதுகிறேன். அதற்கு விண்டோஸோடு வரும் கிரேக்க கீபோர்டே போதும். தனியாகக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று காட்டும் அழுத்தக்குறியைப் போடும் முறை. எல் எழுத்துக்கு வலப்பக்கம் இருக்கும் அரைப்புள்ளி கீயைத் தட்டினால் திரையில் ஒன்றும் வராது. அடுத்து உயிரெழுத்தைத் தட்டியதும் அது தலையில் கோட்டோடு வந்து நிற்கும். ஷிஃப்டோடு அதே கீ என்றால் எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி. கேள்விக்குறி க்யூ கீயில் இருக்கிறது. கிரேக்கத்தில் அதன் வடிவமே அரைப்புள்ளிதான். விரல் பழகிவிட்டால் வேகம் குறைவதே இல்லை.

அந்தச் சின்னக் கோடு பொருளையே மாற்றிவிடும். 'போத்தே' என்பதில் முதல் அசையை அழுத்திச் சொன்னால் 'எப்போது', இரண்டாவதை அழுத்திச் சொன்னால் 'ஒருபோதும் இல்லை'. 'நோமோஸ்' அதேபோல சட்டமாகவும் மாவட்டமாகவும் மாறும். கப்பல் வரும் நேரத்தைக் கேட்டு எழுதும் மெயிலில் குறியை விட்டுவிடுகிறார்களே, எனக்குக் கோபமே வரும். முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் மட்டும் குறி தேவையில்லை.

1982 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் கிரேக்கத்தில் மூன்று அழுத்தக்குறிகளும், சொல்லின் தொடக்கத்தில் 'ஹ' ஒலி உண்டா இல்லையா என்று காட்டும் இரண்டு மூச்சுக்குறிகளும் இருந்தன. பழைய நூல்களைத் தட்டச்சு செய்பவர்கள் இந்தப் பழைய குறிகள் எல்லாம் உள்ள பாலிடோனிக் கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் விண்டோஸிலேயே இருக்கிறது, ஆனால் எந்தக் குறி எந்தக் கீயில் என்று மனதில் பதிய நாளாகும்.