ஷூர் எஸ்எம்58: மஞ்சு இறங்கும் மேடைக்கு இந்த மைக்

இந்த ஆண்டு ஊட்டியிலோ கோத்தகிரியிலோ திறந்தவெளியில் கச்சேரி வைக்கப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். 1966 முதல் சந்தையில் உள்ள டைனமிக் மைக். சாயங்காலம் மஞ்சு இறங்கினால் கண்டென்சர் மைக்கின் (மின்னூட்டத்தால் இயங்கும் மைக்) உள்ளே ஈரம் படிந்து மின்னூட்டம் கசியும், சரசரவென்று சத்தம் வரும். டைனமிக் மைக்கான எஸ்எம்58-இல் இருப்பது காந்தமும் கம்பிச்சுருளும்தான். அந்தத் தொல்லை மிகக் குறைவு. மிக்சரிலிருந்து கம்பி வழியே மைக்குக்கு அனுப்பும் மின்சாரமான பாண்டம் பவரும் வேண்டாம்.

பின்பக்கச் சத்தத்தை நன்றாகத் தள்ளும். அதனால் மானிட்டரை (பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) மைக்கின் வாலுக்கு நேர் பின்னால் வையுங்கள். பாடுபவர் கம்பிவலைத் தலையைக் கையால் பொத்தினால் இந்தக் குணமே போய்விடும், ஊளை கிளம்பும். உதட்டை ஒட்டிப் பாடினால் அடிக்குரல் வீங்கும். மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், மலைக்காற்றின் உறுமலும் அதோடு குறையும். ஆனாலும் வெளியே ஒரு ஸ்பாஞ்சு உறை கட்டாயம்.

குறை, வெளியீடு மெலிது. மலிவான மிக்சரில் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். மெதுவாகப் பாடுபவருக்கு இது நிஜமான சிக்கல். நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் ஊதுகுழல் போன்ற உரத்த கருவிக்கோ அருமையாகப் பொருந்தும். ஓர் அடி தள்ளி வைத்தாலே போதும்.

நிகழ்ச்சி முடிந்ததும் தலையைத் திருகிக் கழற்றி, உள் ஸ்பாஞ்சை மென்மையான சோப்பு நீரில் அலசுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் ஓரிரவு போதாது.

போலிகள் நிறைய. அசலின் எடை 298 கிராம். வாங்கும்போதே தராசில் வைத்துப் பாருங்கள்.