டாக் என்று சொல்லி ஹப்பைத் தலையில் கட்டுகிறார்கள்: தருமபுரிக்காரர்கள் கவனம்

தருமபுரியில் லேப்டாப்புக்கு டாக் (மானிட்டர், லேன், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் இணைக்கும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடை. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. 6,500 ரூபாய்க்கு டாக்கிங் ஸ்டேஷன் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பெட்டியின் மேல் 11 போர்ட், இரண்டு எச்டிஎம்ஐ, 4கே 60 ஹெர்ட்ஸ், கிகாபிட் லேன் (வயர் நெட்வொர்க்), 100 வாட் சார்ஜிங் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது ஒரு சாண் கேபிள் ஒட்டிய அலுமினியக் கட்டி. தனி அடாப்டர் கிடையாது. அடாப்டர் இல்லாமல் லேப்டாப்பின் கரண்டிலேயே ஓடுவது ஹப்தான். மேலே என்ன பெயர் அச்சடித்தாலும் ஹப்தான்.

எனக்கு வாரத்தில் பாதி வீட்டிலிருந்து வேலை, மீதிக்கு ரயிலில் பெங்களூரு. வீட்டு மேஜையில் இருக்கும் மானிட்டர்கள், லேன், ஹார்டு டிஸ்க் எல்லாம் ஒரே கேபிளில் லேப்டாப்புக்கு வரவேண்டும் என்று கடையில் விவரமாகச் சொன்னேன். "எல்லாமே சப்போர்ட் ஆகும்ண்ணா, மேக்குலகூட ஓடும்" என்றார் கவுன்டரில் இருந்த தம்பி.

மாட்டியதும் படம் வந்தது. இந்த ஏமாற்று வேலை சட்டென்று பிடிபடாததற்குக் காரணமே இதுதான். எதுவும் ஓடாமல் போகாது, ஆனால் எதுவும் சொன்ன அளவில் ஓடாது. ஒரே ஒரு 4கே மானிட்டர் மாட்டியபோதே மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்ந்தது. விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது திரையில் படம் நொடிக்கு 30 தடவைதான் மாறுகிறது. 60 என்ற தேர்வே அங்கே இல்லை. லேப்டாப்பில் குறை என்று சொல்லவும் வழியில்லை. இதே லேப்டாப், இதே யுஎஸ்பி சி போர்ட், அலுவலக டாக்கில் 4கே 60 காட்டுகிறது.

விஷயம் இதுதான். சி கேபிளுக்குள் அதிவேகப் பாதைகள் நான்கு. யுஎஸ்பி 3 வேகமும் கொடுக்க வேண்டிய ஹப், இரண்டை டேட்டாவுக்கு வைத்துக்கொண்டு மற்ற இரண்டைப் படத்துக்கு விடும். படத்தை அனுப்பும் முறையான டிஸ்பிளேபோர்ட்டின் 1.2 தரத்தில் அந்த இரண்டு பாதையில் 4கே 30 தான் போகும், 1.4 என்றால் 60 போகும். எச்டிஎம்ஐ பக்கமும் அப்படியே, 1.4 சிப் 30-லேயே நின்றுவிடும், 2.0 வேண்டும். மலிவு ஹப்பில் வெறும் 4கே என்று மட்டும் போட்டிருந்தால் 30 என்றே எடுத்துக்கொள்ளலாம். என் பெட்டியில் 60 என்றே அச்சடித்திருந்தார்கள், கோபம் அங்கேதான்.

கிகாபிட் லேன் என்றதும் பொய். நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடு 100 எம்பிபிஎஸ். அதே வயரை வேறு லேப்டாப்பில் நேராகச் செருகினால் 1000. 3.0-க்கு வழக்கமான அடையாளமான நீல நிற யுஎஸ்பி போர்ட்கள் நான்கில் ஒன்றுதான் உண்மையான 3.0. மற்ற மூன்றும் கார்பைடு மாம்பழம் மாதிரி, நிறம் வெளியே மட்டும். எஸ்எஸ்டியை மாட்டிப் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தால் நொடிக்கு 40 எம்பிகூடத் தாண்டவில்லை. அது 480 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட், எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி) கொண்ட பழைய 2.0 வேகம்.

100 வாட் விஷயத்தில் மட்டும் கடைக்காரரை முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். ஹப் தானாக 100 வாட் தராது, நாம் செருகும் சார்ஜரிலிருந்து அந்த அளவு வரை வாங்கும் என்பதுதான் அதன் பொருள். அதிலும் பத்துப் பதினைந்து வாட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் லேப்டாப்புக்கு அனுப்பும். 65 வாட் சார்ஜரைச் செருகினால் லேப்டாப் "ஸ்லோ சார்ஜர்" என்று முனகுவது அதனால்தான். ஆனால் நம் ஊருக்கு இதில் வேறொரு தொல்லை உண்டு. கரண்ட் போய் சார்ஜர் அணைந்ததும் இந்த ஹப் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது. அந்த நொடியில் ஹார்டு டிஸ்க் கழன்றுபோகிறது, காப்பி ஆகிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கிறது.

அப்புறம் மேக். மனைவியின் மேக்புக்கில் மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம். ஒரே சி கேபிளில் இரண்டு திரைகளைப் பிரித்துக் கொடுக்க இந்த ஹப்புகள் நம்பியிருக்கும் எம்எஸ்டி முறையை மேக் ஓஎஸ் ஏற்பதில்லை. எந்தக் கடையில் வாங்கினாலும் இப்படித்தான் இருக்கும். "மேக்குலகூட ஓடும்" என்று சொல்லி விற்றதுதான் தப்பு.

திரும்ப எடுத்துப் போனேன். "படம் வருதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார் முதலாளி. வாங்கும்போது அண்ணா, திருப்பிக் கொடுக்கப் போனால் சார். பிரித்த பெட்டியை எடுக்க மாட்டார்களாம். கையில் இருந்தது பில் இல்லை, எஸ்டிமேட் சீட்டு, அதன் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது". பில் வேண்டுமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாம். பெட்டியில் போடும் எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க முடியாது.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் வரை திருப்பிக் கொடுக்கலாம். இதைச் சொன்னதும் முதலாளி குரலை இறக்கி, வேறு மாடல் தருகிறேன் என்றார். அதே கம்பெனிப் பெட்டிதான். வேண்டாம், பணம் கொடுங்கள் என்று வந்துவிட்டேன்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது. ஜிபே ரசீது, எஸ்டிமேட் சீட்டு, 30 ஹெர்ட்ஸ் காட்டும் ஸ்கிரீன்ஷாட், பெட்டியின் நான்கு பக்கப் படம் எல்லாம் வைத்திருக்கிறேன். பெட்டியைப் படம் எடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. வெளிநாட்டுப் பொருளுக்கு இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருந்தாக வேண்டும். இதில் எங்கேயும் இல்லை. நீங்கள் வாங்கும்போது போர்ட் எத்தனை என்று எண்ணுவதற்கு முன்னால் அதைத் தேடுங்கள். பிறகு உங்கள் லேப்டாப்பையே கடையில் மாட்டி, ஹெர்ட்ஸையும் லிங்க் ஸ்பீடையும் செட்டிங்கில் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. மேஜைக்கு என்றால் தனி அடாப்டரோடு வரும் டாக்தான் வேண்டும். பைக்குள் போட்டுக்கொண்டு போக ஒரு எச்டிஎம்ஐ, இரண்டு யுஎஸ்பி உள்ள சின்ன ஹப் போதும், அதற்கு 6,500 கொடுக்கத் தேவையே இல்லை.

கடையிலிருந்து இதுவரை பதில் வரவில்லை. உதவி எண்ணில் தீராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, மனுவை ஆன்லைனிலேயே போடலாம். மனுவை எழுதி வைத்துவிட்டேன்.