நினோச்கா: தோழர் சிரிக்கும் படம்

1956இல் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவுக்கு வாக்குப் போட்டுப் பாராளுமன்றம் அனுப்பிய சனம் நாங்கள். எங்கள் பெரியப்பாவும் அதில் ஒருவர். அவருடைய அலுமாரி நிறைய மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு, 1939இல் ஹொலிவூட் எடுத்த 'நினோச்கா' ஒரு கம்யூனிச எதிர்ப்புப் பிரசாரப் படமாகத்தான் இருக்கும் என்ற சந்தேகம் வராதா?

பிரசாரம் இருக்கிறதுதான். ஆனால் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கி, பில்லி வைல்டரும் சேர்ந்து எழுதிய படம். ஒரு பக்கத்தை மட்டும் நக்கலடித்துவிட்டுப் போகிற ஆட்கள் இல்லை இவர்கள்.

புரட்சியில் பறிமுதலான நகைகளை விற்கப் பாரிஸுக்கு வந்த மூன்று சோவியத் அதிகாரிகள், ஆடம்பர ஹோட்டலைக் கண்டதும் வந்த வேலையை மறக்கிறார்கள். அவர்களை விசாரிக்க வருகிறாள் நினோச்கா. நினோச்காவாக நடிக்கும் கிரேட்டா கார்போ முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. ரயில் நிலையத்தில் பெட்டி தூக்க வந்தவனிடம், இது தொழில் இல்லை, சமூக அநீதி என்கிறாள். அது நீங்கள் தரும் சந்தோசக் காசைப் பொறுத்தது என்கிறான் அவன். பெரியப்பாவே சிரித்திருப்பார்.

நகை தன்னுடையது என்று வழக்காடும் பழைய அரச குடும்பத்துச் சீமாட்டியின் ஆள்தான் லியோன், உழைக்காத கனவான். நினோச்காவில் மயங்கி மார்க்ஸ் படிக்கத் தொடங்குகிறான். எனக்குப் பிடித்தது அவனுடைய கிழட்டு வேலைக்காரனின் காட்சி. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. ஆனாலும் எல்லாம் பொதுவுடைமை என்றதும் கிழவர் பதறுகிறார்: வாழ்நாளெல்லாம் சேர்த்த காசை இந்த முதலாளியோடா பங்கு போடுவது?

நினோச்கா முதன்முதலாக வாய்விட்டுச் சிரிப்பதும் பெரிய ஹோட்டலில் இல்லை, தொழிலாளர் சாப்பிடும் சின்னக் கடையில். லியோனின் பகிடி ஒன்றும் எடுபடவில்லை, கதிரையோடு விழுகிறான், அதற்குத்தான் சிரிப்பு. தேநீர்க் கடைக்குள் சமமாக இருந்து குடிப்பதற்கே போராட வேண்டியிருந்த ஊரில், அந்த மேசைகளைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்தேன்.

பிடிக்காதது அந்தத் தொப்பி. அவ்வளவு கூர்மையான பெண்ணின் கொள்கை ஒரு கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் தொப்பியில் கரைவதாம்! ஆண்கள் எழுதிய காதல் கதை, வேறென்ன.

நினோச்கா ஊர் திரும்பியபின் வரும் மாஸ்கோப் பகுதி தொய்வு என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படி இல்லை. நண்பர்கள் ஆளுக்கொரு முட்டை கொண்டுவந்து பொரித்துச் சாப்பிடுகிறார்கள். லியோனின் கடிதம் வருகிறது, விளிப்பையும் ஒப்பத்தையும் தவிர மீதி எல்லாம் தணிக்கையில் கறுப்பு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு இதில் பாதி பகிடி, பாதி பழைய நாட்குறிப்பு. அறைக்குள் ஒருவன் குறுக்கே நடந்ததும் எல்லாரும் கதையை நிறுத்துவதையும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

முடிவைச் சொல்லமாட்டேன். மூன்று தோழர்களும் கடைசியில் என்ன தொழில் தொடங்குகிறார்கள், அதில் யார் யாருக்கு எதிராக மறியல் செய்கிறான் என்பதற்காகவே கடைசி நிமிடம்வரை இருங்கள். கறுப்பு வெள்ளை, இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. வசனம் வேகமாக ஓடும், ஆகவே ஆங்கில உபதலைப்பைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.