9,400 ரேண்ட் வாங்கிக்கொண்டு பழைய மோட்டாரையே திருப்பிக் கொடுத்தார்கள் (டர்பன்காரர்கள் கவனிக்க)

நேற்று சாயங்காலம் என் கண்ணெதிரே காரின் ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் அந்த மோட்டாரைக் கழற்றியதிலிருந்து வயிறு எரிகிறது. ஆறிப்போனால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். 9,400 ரேண்ட். செய்யாத வேலைக்கும் மாற்றாத சாமானுக்கும் ஒன்பதாயிரத்து நானூறு ரேண்ட் கொடுத்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் சுற்றுவட்டாரத்தில் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது இதைப் படித்துத் தப்பித்தால் போதும். இந்த மாதிரி ஹெட்லைட் மோட்டார் கெட்டால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போகப்போகிறது. சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை, அவ்வளவுதான் சொல்வேன். ஆட்கள் தங்கள் தொழிலை விளம்பரம் செய்யும் ஒரு இணையப் பக்கத்தில் பார்த்தேன். நிறைய நட்சத்திரம், நிறைய பாராட்டு. அதை நம்பித்தான் போனேன்.

கார் என் மாமனாருடையது. 1992 மாஸ்டா எம்எக்ஸ்-5, சிவப்பு, இரண்டே சீட், துணிக்கூரை. 1989-இல் வந்த அந்த முதல் மாடலில்தான் ஹெட்லைட் பானெட்டுக்குள் படுத்திருக்கும், பட்டனை அழுத்தினால் எழுந்து நிற்கும். 1998-இல் வந்த அடுத்த மாடலில் அதை எடுத்துவிட்டார்கள். மாமா போன வருடம் ஆடி மாதம் தவறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேத்திகளில் ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடலோரமாக ஒரு சுற்று போய் வருவார். கிளம்புமுன் விளக்கை ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சின்னவள் விடமாட்டாள். "தாத்தா கார் கண் முழிக்குது" என்பாள். அந்தக் காரை விற்கவும் மனமில்லை, சும்மா நிறுத்தி வைக்கவும் மனமில்லை.

ஆகஸ்டில் இடது பக்க விளக்கு பாதியில் நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு ரிச்சர்ட்ஸ் பேயில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று செப்டம்பர் கடைசி வாரத்தில் அந்தக் கடைக்கு ஓட்டிப் போனேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்கு வலிக்கிற இடம். கடைக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு வெளியே வந்தார். "வணக்கம் அக்கா" என்றார். சுவரில் முருகன் படம், அதற்கு அன்று போட்ட பூ. பேச்செல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் நடுநடுவே ஆயா, கோவில், விரதம் என்று ஐந்தாறு தமிழ்ச் சொற்கள். அவருடைய ஆயா, அதாவது பாட்டி, வீட்டில் தமிழ்தான் பேசுவாராம். ஈஸ்டர் சமயம் இசிபிங்கோ மாரியம்மன் கோவிலில் என்னைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார். நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. வெளியிடத்தில் யாராவது நாலு தமிழ் வார்த்தை பேசினால் எனக்கு இன்னும் உள்ளே குளிரும். அந்த நாலு வார்த்தைக்குத்தான் விழுந்தேன்.

பானெட்டைத் திறந்தார். மோட்டாரின் மேலிருந்த கறுப்பு ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, உள்ளே இருந்த திருகை விரலால் சுற்றினார். விளக்கு மெதுவாக எழுந்தது. எவ்வளவு கைதேர்ந்தவர் என்று நினைத்தேன். அது அந்தக் காரை வைத்திருக்கும் யாரும் செய்யக்கூடியது, காரோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது என்று இப்போதுதான் தெரியும்.

"மோட்டார் எரிஞ்சு போச்சு அக்கா. ஒண்ணு போனா அடுத்ததும் போகும், ரெண்டையும் மாத்திடுவோம். இங்க கிடைக்காது, ஜப்பான்ல இருந்து வரவழைக்கணும்" என்றார். இரண்டு மோட்டாருக்கு 6,500 ரேண்ட் முன்பணம், வயரிங்குக்கும் கூலிக்கும் பிறகு 2,900. நான் கொஞ்சம் தயங்கினேன். "புரட்டாசி அக்கா, விரதத்துல இருக்கேன். உங்ககிட்ட ஒரு சென்ட் அதிகமா வாங்குவேனா?" என்றார். அங்கேயே நின்று போனில் 6,500 ரேண்ட் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. ஒரு ஆயில் ஃபில்டர் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் கணக்கு எழுதிக் காட்டினார். அதைப் படம்கூட எடுக்கவில்லை.

இரண்டு வாரம் என்றது ஐந்து வாரம் ஆனது. கப்பல் வரவில்லை, சுங்கத்தில் நிற்கிறது, பையன் லீவு. தீபாவளிக்குக் கார் வந்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன், வரவில்லை. நவம்பர் முதல் வாரம் கூப்பிட்டார். நல்ல மத்தியான வெயில். பட்டனை அழுத்தினார், இரண்டும் எழுந்தன, இறங்கின. மூன்று தடவை செய்து காட்டினார். சின்னவள் கை தட்டினாள். மீதி 2,900 ரேண்டையும் அனுப்பினேன். மொத்தம் 9,400. பழைய மோட்டார் எங்கே என்று கேட்டேன். "குப்பையில போட்டாச்சு, அந்த அழுக்கு உங்களுக்கு எதுக்கு அக்கா?" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு மழை. மூத்தவளை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் இடது விளக்கு மறுபடியும் பாதியில் நின்றது. அதுவாவது பழைய சீக்கு. வலது விளக்கு, இதுவரை ஒரு நாளும் கெடாத விளக்கு, ஏறி இறங்கி ஏறி இறங்கி நிற்காமல் ஆடியது. தெருமுனையில் காரை நிறுத்திச் சாவியை எடுத்தேன். அப்போதும் நிற்கவில்லை. பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. பிள்ளை பயந்து அழுகிறாள். பக்கத்து வீட்டு அங்கிளுக்குப் போன் செய்தேன், அவர் ஸ்பானரோடு ஓடிவந்து பேட்டரி வயரைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது.

மறுநாள் காலை கடைக்குப் போன் செய்தேன். "மழையில ஓட்டினீங்களா மேடம்?" என்பதுதான் முதல் கேள்வி. டர்பனில் நவம்பரில் மழையில் ஓட்டாமல் எங்கே ஓட்டுவது? முதல் நாள் அக்காவாக இருந்த நான் அன்றைக்கு மேடம் ஆகிவிட்டேன். அடுத்த தடவை எடுத்த பையன் முதலாளி இல்லை என்றான், பின்னால் அவர் குரல் எனக்குக் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன், இரண்டு நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனேன். "முப்பது வருஷத்து கார், எலக்ட்ரிக்கல் சாமானுக்கு யாரும் கேரண்டி தர மாட்டாங்க" என்றார். இன்னொரு 3,000 கொடுத்தால் திரும்பப் பார்க்கலாமாம். மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால் என்னை "லேடி" என்றார். முருகன் படத்துக்கு அன்றைக்கும் பூ போட்டிருந்தது.

நேற்று அங்கிள் பானெட்டைத் திறந்தார். பிராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேட்டரியைக் கழற்றிவிட்டு இடது மோட்டாரை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தார். வெள்ளை பெயிண்டில் ஒரு எழுத்து தெரிந்தது. "இ". வலது மோட்டாரைத் துடைத்தால் அதில் "வ".

அது என் மாமாவின் கையெழுத்து. சின்ன வயதில் கோவில் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்துகள் அவருக்கு மறக்கவே இல்லை. எதைக் கழற்றினாலும் இடது வலது மாறிவிடக் கூடாது என்று பெயிண்டில் எழுதி வைப்பார், அவருடைய கராஜில் பாதிச் சாமானில் இந்த இரண்டு எழுத்தும் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த மோட்டாரில் தமிழ் எழுத்து எப்படி வரும்? ஆயா தமிழ் பேசுவார் என்றவருக்கு அது எழுத்து என்றே தெரிந்திருக்காது, ஏதோ கறை என்று விட்டிருப்பார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிள் மோட்டாரின் மூடியைத் திறந்து காட்டினார். இந்த மோட்டார் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். அரைச்சுற்றில் விளக்கு ஏறும், அடுத்த அரைச்சுற்றில் இறங்கும். ஏறி முடிந்ததா, இறங்கி முடிந்ததா என்பதை உள்ளே இருக்கும் ஒரு வட்டத் தட்டிலுள்ள செம்புத் தடங்கள்தான் மோட்டாருக்குச் சொல்லும், அங்கே மின்சாரம் அறுபட்டு மோட்டார் நிற்கும். வருடக்கணக்கான கிரீஸ் இறுகி, கடல்காற்றில் செம்பு பச்சை பிடித்துவிட்டால் பாதியில் நின்றுவிடும், இல்லாவிட்டால் எங்கே நிற்பதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் இடது மோட்டாருக்கு வந்த வியாதி அந்தப் பச்சைதான். எரியவே இல்லை. பழைய கிரீஸை வழித்து, கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்பைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து, பொடி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் புது கிரீஸ் வைத்தார். ஒரு மணி நேரம். சாமான் செலவு 180 ரேண்ட். இடது விளக்கு வெண்ணெய் மாதிரி ஏறி இறங்குகிறது. கடையில் செய்தது மேலே ஸ்பிரே அடித்தது மட்டும்தான், அந்த எண்ணெய்ப்பசை அப்படியே இருந்தது. இரண்டு நாள் ஓடுவதற்கு அது போதுமாயிருந்திருக்கிறது.

அது கூடப் போகட்டும். பியூஸ் பெட்டியைத் திறந்தால், 30 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பட்டுப்போன பியூஸின் இரண்டு காலையும் செம்புக் கம்பியால் சுற்றிச் செருகியிருக்கிறார்கள். பியூஸ் அறுந்து காப்பாற்றியிருக்க வேண்டிய நேரத்தில் கம்பி தாங்கிக்கொண்டு வலது மோட்டாரின் தட்டைக் கருக்கிவிட்டது. அன்றைக்கு அடித்த வாடை அதுதான். பிள்ளை உட்கார்ந்திருந்த கார் அது. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டது: இங்கே 2008-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ரிப்பேருக்கு முன்னால் எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு கேட்கலாம். கழற்றிய பழைய சாமானை நாம் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய தனியாக எடுத்து வைத்துத் திருப்பித் தர வேண்டும். ரிப்பேரில் போட்ட புது சாமானுக்கும் புதுப்பித்த சாமானுக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. "யாரும் கேரண்டி தர மாட்டாங்க" என்றது பச்சைப் பொய். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில், அதாவது சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்டில், 20,000 ரேண்ட் வரை வக்கீல் இல்லாமல் நாமே வழக்குப் போடலாம். அதற்கு முன் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் 14 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். இன்று காலை கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். "எந்த கோர்ட்டுக்கு வேணா போ லேடி" என்றார். போகிறேன்.

மோட்டாரைச் சோதிப்பது பற்றி விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு விளக்கும் சேர்ந்து நின்றால் முதலில் பியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பட்டன் இவற்றைப் பாருங்கள், மோட்டாரைப் பழி சொல்லாதீர்கள். ஒன்று மட்டும் நின்றால் அந்தப் பக்கத்து வயர் இணைப்பையும் மோட்டாரின் உள்தட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றாமல் அங்கே கை வைக்கவே வைக்காதீர்கள், திடீரென்று சுற்றினால் விரல் போய்விடும். விளக்கைக் கையால் பிடித்து இழுக்காமல் மோட்டாரிலுள்ள திருகைச் சுற்றி ஏற்றுங்கள். பணம் கொடுக்குமுன் பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். கடையில் விடுமுன் மோட்டாரில் ஏதாவது ஒரு அடையாளம் போட்டுப் படம் எடுத்து வையுங்கள், எங்கள் மாமா போட்ட மாதிரி.

எனக்கும் ஒரு உதவி வேண்டும். இதே பக்கத்து ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் ஜப்பான் சாமான் என்று முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள், கோர்ட்டில் காட்ட உதவும். இந்த மாடலின் வலது பக்க மோட்டார், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, உள்தட்டு நன்றாக இருந்தால் போதும், யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள். மூடியும் கூடும் மாமாவுடையதே இருக்கட்டும், தட்டை மட்டும் மாற்றித் தருவதாக அங்கிள் சொல்லியிருக்கிறார்.