உணவுக்குழாய்ப் புற்று: நிவோலுமாபுடன் கீமோவா, இபிலிமுமாபா?

உணவுக்குழாயின் உள்தோலில் தோன்றும் செதிள் அணுப் புற்று அறுவைசிகிச்சைக்கு எட்டாத நிலைக்குப் போனபின், முதல் சிகிச்சைக்கு இரண்டு கூட்டுகள் போட்டியில் நிற்கின்றன. ஒன்று நிவோலுமாபும் கீமோவும். மற்றொன்று நிவோலுமாபும் இபிலிமுமாபும்; இதை இங்கே இரட்டை மருந்து என்போம். இரண்டும் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள். கீமோ இல்லாமல் முடியுமா என்பதுதான் குடும்பங்கள் முதலில் கேட்பது. அதற்குப் பதில், கட்டி நம் எதிர்ப்பாற்றலிடமிருந்து எப்படித் தப்புகிறது என்பதில் இருக்கிறது.

புற்றணுவைத் தாக்கும் எதிர்ப்பாற்றல் அணுக்களான டி அணுக்களுக்கு இரண்டு முக்கியமான பிரேக்குகள் உண்டு. சிடிஎல்ஏ-4 நிணநீர்க் கணுவில், எதிரியை டி அணு அடையாளம் கற்கும்போதே பிடிக்கும். பிடி-1 கட்டிக்குள் பிடிக்கும்: புற்றணு தன் மேல் பிடி-எல்1 புரதத்தை ஏற்றி, வந்த டி அணுவைச் செயலிழக்க வைக்கும். இபிலிமுமாப் முதலாவதை விடுவிக்கிறது, நிவோலுமாப் இரண்டாவதை. ஆனால் சில கட்டிகள், டி அணுவுக்கு இலக்கைக் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறுகளையே மறைத்துவிடும். பிரேக்கை எடுத்தும் டி அணுவுக்கு இலக்கு தெரியாது. வேறு சில, டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைச் சுரந்து நார்த்திசுவை வளர்த்து டி அணுக்களை வெளியே நிறுத்தும். பயாப்சி அறிக்கையில் வரும் பிடி-எல்1 எண் இவற்றையெல்லாம் காட்டாது.

970 பேரைச் சேர்த்த செக்மேட் 648 ஆய்வு (2022) இரு கூட்டுகளையும் தனித்தனியே கீமோவோடு ஒப்பிட்டது. புற்றணுக்களில் பிடி-எல்1 1% அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) கீமோ மட்டும் பெற்றோருக்கு 9.1 மாதம், நிவோலுமாப்-கீமோவுக்கு 15.4, இரட்டை மருந்துக்கு 13.7. கட்டி சுருங்கியது முறையே 20%, 53%, 35% பேருக்கு. சுருங்கிய பலன் நீடித்ததில் மட்டும் இரட்டை மருந்து முந்தியது: 11.8 மாதம், நிவோலுமாப்-கீமோவுக்கு 8.4.

இரட்டை மருந்தின் பலவீனம் தொடக்க மாதங்களில். டி அணுக்கள் பெருகி வேலைக்கு வர வாரங்கள் ஆகும். அதற்குள் கட்டி வளர்ந்துவிடலாம். அந்த மாதங்களில் இரட்டை மருந்துக் குழுவில் இறப்பு கீமோ குழுவைவிட அதிகம். கஞ்சிகூட இறங்காத, எடை வேகமாகக் குறையும் நோயாளிக்குக் கீமோ சேர்ந்த கூட்டே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. கட்டி சிறிதாக, விழுங்க முடிபவராக, சிறுநீரகம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைத் தாங்காதவராக இருந்து, பிடி-எல்1 1%-க்கு மேலும் இருந்தால் இரட்டை மருந்தைத் தயங்காமல் பேசலாம்.

அந்த 1% எந்தக் கணக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள். டிபிஎஸ் என்ற கணக்கு பிடி-எல்1 உள்ள புற்றணுக்களை மட்டும் எண்ணும். சிபிஎஸ் என்ற கணக்கு எதிர்ப்பாற்றல் அணுக்களான லிம்ஃபோசைட்டுகளையும் மேக்ரோஃபேஜ்களையும் சேர்த்து எண்ணும். ஒன்றின் எல்லையை மற்றொன்றில் பொருத்தக் கூடாது. பயாப்சித் துணுக்கில் குறைந்தது 100 உயிருள்ள புற்றணுக்கள் வேண்டும். எண்டோஸ்கோப்பியில் ஒரே துணுக்கு எடுத்தால் எண் தவறலாம்.

செலவில், சிங்கப்பூரில் 2022 செப்டம்பர் முதல் மெடிஷீல்ட் லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்பீட்டில் கோரிக்கை, புற்றுநோய் மருந்துப் பட்டியலில் அந்த மருந்து எந்த நோய்நிலைக்கு இடம்பெற்றுள்ளது என்பதைப் பொறுத்தது. பெயர் மட்டும் இருந்தால் போதாது. முதல் ஊசிக்கு முன்பே மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் சரிபாருங்கள்.

எந்தக் கூட்டானாலும் தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி, தைராய்டு, கல்லீரல் சோதனைகள் வேண்டும். வழக்கத்தைவிட நாளுக்கு 4 முறை அதிகம் வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடை மாத்திரையோடு காத்திருக்காமல் சிகிச்சைக் குழுவை அழையுங்கள். மருந்தால் வந்த பெருங்குடல் அழற்சியாக இருக்கலாம், ஸ்டீராய்டு தேவைப்படும். புதிய இருமலுக்கும் அப்படியே: உணவு மூச்சுக்குழலில் போனதா, மருந்தால் வந்த நுரையீரல் அழற்சியா என்பதைப் பிரிக்க ஸ்கேன் வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.