மறதி நோய் வந்த அம்மாவுக்கு வீடா, தாதிமை இல்லமா?

பணிப்பெண்ணை வைத்து, பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கும் அனுப்பி, வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா? இல்லத்தில் சேர்ப்பதா? சிங்கப்பூரில் பலர் கேட்கிறார்கள்.

செலவு
வீடு: சம்பளம், சாப்பாடு, நிலையக் கட்டணம். தகுதிபெறும் முதியவர் வீட்டில் இருந்தால், பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை மாதம் 60 வெள்ளிதான்.
இல்லம்: குடும்ப வருமானத்தைப் பொறுத்து மானியம். மானியம் இல்லையென்றால் மாதம் ஆயிரக்கணக்கில் ஆகும்.

இரவு
வீடு: நள்ளிரவில் கைப்பையோடு கதவருகே நின்று, "ஊருக்குப் போகணும், பஸ் வந்துடும்" என்பவரை, பகலெல்லாம் உழைத்த ஒரு பணிப்பெண்ணே காக்க வேண்டும் என்பது நியாயமில்லை. அவருக்கும் தூக்கம் வேண்டும்.
இல்லம்: இரவுக்குத் தனி ஆட்கள். ஒருவருக்கு எத்தனை முதியவர்கள் என்று கேளுங்கள்.

மொழி
எனக்கு இதுதான் பெரிது. பின்னால் கற்ற ஆங்கிலமும் மலாயும் பலருக்கு முதலில் நழுவும், தமிழ் மிஞ்சும். வலிக்கிறது என்று சொன்னால் புரிந்துகொள்ள ஆள் வேண்டாமா?
வீடு: தமிழ் தெரிந்த பணிப்பெண் கிடைத்தால் நிம்மதி.
இல்லம்: ஒவ்வொரு வேளைப்பணியிலும் தமிழ் பேசுபவர் உண்டா என்று விசாரியுங்கள். ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் இல்லத்தையும் பாருங்கள்.

எந்த இல்லமானாலும் மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். ஊழியர்களின் பொறுமையும் அப்போதுதான் தெரியும்.

இரவில் தூங்குகிறார், வீட்டாரை அடையாளம் காண்கிறார் என்றால் வீடே நல்லது. அடிக்கடி விழுகிறார், வெளியேறிவிடுகிறார் என்றால் இல்லம்தான் பாதுகாப்பு. மானியப் படுக்கைக்கு மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளர் வழியாக விண்ணப்பிக்கலாம்.